ஏரியில் இன்றைக்கு எத்தனை அடி?

காட்டுமன்னார்கோவில் பக்கம் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் கொஞ்ச நேரத்தில் அந்தக் கேள்வி வந்துவிடும். "ஏரியில இன்னிக்கு எத்தினி அடி?" பேப்பரைப் புரட்டாமலே யாராவது பதில் சொல்வார்கள். 47.5 அடி என்றால் வீராணம் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூட இந்தக் கணக்கு தெரியும்.

விதைப்பதும் நடுவதும் இந்தக் கணக்குப்படி நடக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். நாங்கள் வெளியே கிளம்புவதும் இதன்படிதான் என்பதை யாரும் சொல்வதில்லை. கோடை லீவு வந்தால் ஊட்டி, கொடைக்கானல் என்று கடன் வாங்கிக்கொண்டு கிளம்புகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது. ஏரிக்கரை ஆட்களான நமக்கு வருஷம் பூராவும் காலையில் போய் ராத்திரி வீடு திரும்புகிற தூரத்தில் இவ்வளவு இருக்கிறது. எது எப்போது என்று மட்டும் தெரிந்தால் போதும். அதை எழுதி வைக்கலாம் என்றுதான் இந்தப் பதிவு.

முதலில் ஏரி. பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில் அவன் மகன் ராஜாதித்தன் வெட்டுவித்தது என்பது வழிவழியாக வரும் செய்தி. பராந்தகனுக்கு வீரநாராயணன் என்று பட்டம் இருந்தது. அந்தப் பெயரில் அமைந்த ஏரிதான் நம் வாயில் வீராணம் ஆகிவிட்டது. இன்றைக்கும் 44,856 ஏக்கர் இதை நம்பி இருக்கிறது. 2004-இலிருந்து சென்னையும் நம்பி இருக்கிறது. சுமார் 235 கிலோமீட்டர் குழாயில் நம் தண்ணீர் அங்கே போகிறது.

மேட்டூரில் ஜூன் 12 திறப்பது மரபு. அந்தத் தண்ணீர் முக்கொம்பு தாண்டி, கொள்ளிடத்தில் இறங்கி, அணைக்கரைக்கு வந்து, கீழணையிலிருந்து வடவாறு வழியாக நம் ஏரிக்குள் நுழைகிற நாள் இருக்கிறதே, அதுதான் எங்களுக்கு வருஷத்தின் முதல் சுற்றுலா. வடவாற்றில் தண்ணீர் தலைகாட்டிவிட்டது என்று கேள்விப்பட்டால் பைக்கில் இருவர் மூவராக ஏறிக்கொண்டு பார்க்கப் போவார்கள். காய்ந்த மண்ணை நனைத்துக்கொண்டு, முன்னால் நுரையும் சருகும் தள்ளிக்கொண்டு, நடக்கிற வேகத்தில்தான் வரும். வெடிப்புகளுக்குள் இறங்கி நிரப்பிவிட்டுத்தான் அடுத்த அடி எடுத்து வைக்கும். வெடிப்பு நிரம்பும்போது உள்ளேயிருந்து காற்று குமிழ் குமிழாக வரும். நண்டும் தவளையும் அடித்துப் பிடித்துக்கொண்டு ஏறும். கொக்குகள் எங்கிருந்துதான் வருமோ, தண்ணீரின் முனையோடு கூடவே நடந்து வரும். பிள்ளைகளுக்கு இதைக் காட்டியிருக்கிறீர்களா? இல்லையென்றால் அடுத்த வருஷம் கட்டாயம் காட்டுங்கள். டிக்கெட் கிடையாது.

அதற்கடுத்து ஆடிப்பெருக்கு. கல்கி 'பொன்னியின் செல்வ'னை நம் ஏரிக்கரையில்தான், அதுவும் ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்றுதான் ஆரம்பிக்கிறார். வந்தியத்தேவன் குதிரையில் கரைமேல் வருகிறான். அங்கே குடும்பம் குடும்பமாக ஜனங்கள் சித்திரான்னம் கொண்டுவந்து உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். தமிழில் இத்தனை பேர் படித்த நாவலின் முதல் அத்தியாயமே ஒரு ஏரிக்கரைச் சாப்பாடு! அதில் வருகிற 74 கணவாய்களை இப்போது தேட வேண்டாம், பாசன மதகுகள் 34 இருக்கின்றன. ஆனால் கட்டுச்சோறு அப்படியேதான் இருக்கிறது. புளியோதரை, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், கடைசியில் மோர்மிளகாயோடு தயிர்சாதம். காப்பரிசி, காதோலை கருகமணி, மஞ்சள் சரடு எல்லாம் வைத்துப் படைத்துவிட்டு, புதுசாகக் கல்யாணமானவர்கள் தாலிக்கயிறு மாற்றிக்கொள்வார்கள். சின்னப் பையன்கள் சப்பரம் இழுப்பார்கள். மேட்டூர் கைவிட்ட வருஷங்களில் போர்செட்டிலும் குடத்துத் தண்ணீரிலும் ஆடிப்பெருக்குக் கும்பிட்டதும் உண்டு. அதனால்தான் கரை ததும்பத் தண்ணீர் நிற்கிற ஆடி அமைந்தால் வேலையிருந்தாலும் தள்ளிவைத்துவிட்டுப் போங்கள் என்று சொல்கிறேன்.

சாதாரண நாளில் போவதென்றால் சாயங்காலம் போங்கள். லால்பேட்டையிலிருந்து சேத்தியாத்தோப்பு நோக்கிக் கரையோடு போகிற சாலை ஏரியின் கிழக்குப் பக்கம். அதனால் சூரியன் தண்ணீருக்குள் இறங்குவதை நேராகப் பார்க்கலாம். ஒரு பக்கம் கண்ணுக்கெட்டிய வரை தண்ணீர், மறுபக்கம் பள்ளத்தில் நெல்வயல். லால்பேட்டையைச் சுற்றி வெற்றிலைக் கொடிக்கால்கள் இருக்கின்றன. அகத்தி நிழலில் கொடி ஏறி நிற்கிற வரிசைக்குள் நுழைந்தால் வெளி வெயில் தெரியாது. கேட்டுவிட்டு உள்ளே போங்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு வரச் சொல்வார்கள், அதற்கு மரியாதை கொடுங்கள். கரையில் அன்றைக்குப் பிடித்த மீன் கிடைக்கும். விராலும் கெண்டையும் கெளுத்தியும் உயிரோடு துள்ளும். வீட்டுக்கு வாங்கிப்போய்ப் புளி தூக்கலாகக் குழம்பு வைத்து, மறுநாள் காலை சாப்பிடுவதுதான் ருசி.

நீச்சல் விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாகப் பேசுவேன். மதகுப் பக்கம் இறங்கவே இறங்காதீர்கள். மேலே தண்ணீர் சும்மா நிற்கிற மாதிரி தெரியும், அடியில் இழுவை இருக்கும். கொள்ளிடக் கரையில் முதலை இருக்கிறது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே இருக்கிறது. சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பகுதி வாய்க்கால் குளங்களில் வனத்துறையினர் முதலை பிடித்து வக்காரமாரி நீர்த்தேக்கத்தில் விடுவது அடிக்கடி நடக்கிற விஷயம். வெளியூர்ப் பிள்ளைகள் வந்தால் இதை முதலில் சொல்லுங்கள். அவர்கள் தண்ணீரைப் பார்த்ததும் சட்டையைக் கழற்றிவிடுகிறார்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. செங்கால் ஓடை, கருவாட்டு ஓடை வழியாக அரியலூர்ப் பக்கத்துக் காட்டுத் தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்து ஏரியில் விழும். அப்போது எங்கும் கிளம்ப வேண்டாம். உபரி நீர் திறக்கிற நாளில் தாழ்வான ஊர்க்காரர்களுக்கு அது வேடிக்கை கிடையாது. வெள்ளியங்கால் ஓடைக் கரையில் இருக்கிறவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களைப் பரண்மேல் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அங்கே நின்று செல்ஃபி எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

மழை ஓய்ந்து மார்கழி, தை. பறவை பார்க்க இதுதான் நேரம். நத்தைகுத்தி நாரை, சாம்பல் நாரை, நீர்க்காகம், முக்குளிப்பான் எல்லாவற்றையும் கரையில் நின்றபடியே பார்க்கலாம். நத்தைகுத்தி நாரையைக் கண்டுபிடிப்பது சுலபம். அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். நத்தையை அந்த அலகால் பிடித்துச் சதையை மட்டும் வெளியே இழுக்கிற லாவகத்தைப் பொறுமையாக நின்று பாருங்கள். நல்ல பைனாகுலர் ஒன்றை நாலைந்து குடும்பமாகச் சேர்ந்து வாங்கிவைத்தால் பத்து வருஷம் வரும்.

இனி கோயில்கள். பக்திக்காக மட்டும் சொல்லவில்லை. உள்ளூரிலேயே வீரநாராயணப் பெருமாள் கோயில். நாலாயிரத்தைத் தொகுத்த நாதமுனிகளும், அவர் பேரன் ஆளவந்தாரும் பிறந்த ஊர் இது. நடந்து போகிற தூரத்தில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயில். ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் சொத்தைப் பற்றி ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருப்பது அந்தச் சுவரில்தான். சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று பெயர் பெயராக வெட்டியிருக்கிறது. நாவலையும் சினிமாவையும் பார்த்துவிட்டுச் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கார் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். நம் பிள்ளைகளில் பாதிப் பேர் அந்தச் சுவரோரம் ஓடிப்பிடித்து விளையாடியிருப்பார்கள், யாரும் நிறுத்திக் காட்டியிருக்க மாட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

மேலக்கடம்பூர் அதைவிட ஒரு படி மேல். கருவறையே தேர் மாதிரி கட்டப்பட்ட கோயில், கரக்கோயில் என்பார்கள். பக்கவாட்டில் சக்கரம், இழுக்கக் குதிரை. முதலாம் குலோத்துங்கன் காலத்துக் கட்டடம். சிற்பங்கள் கை நீளத்தில்தான் இருக்கும், உற்றுப் பார்க்க வேண்டும். அங்கே ரிஷபத்தின்மேல் பத்துக் கைகளோடு ஆடுகிற சிவன், வங்காளத்துப் பாலர் காலப் பாணிச் செப்புத்திருமேனி, பிரதோஷத்தன்றுதான் வெளியே வரும். ஆகவே காலண்டரில் பிரதோஷம் பார்த்துவிட்டுச் சாயங்காலம் போங்கள். மற்ற நாளில் போனால் பாதிக் கோயில்தான் பார்த்த மாதிரி.

கங்கைகொண்ட சோழபுரத்தைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. ஆனால் நாம் அங்கே போகிற நேரம் தப்பு. மத்தியானம் பஸ் பிடித்துப் போய், வெந்நீர் மாதிரி கொதிக்கிற கல்தரையில் காலை மாற்றி மாற்றி வைத்து ஓடிவிட்டு, நிழல் தேடி உட்கார்ந்து திரும்பிவிடுகிறோம். நாலு மணிக்குமேல் போங்கள். மேற்கு வெயில் விமானத்தின்மேல் சாயும்போது கல்லின் நிறம் மாறும். ஏறக்குறைய 55 மீட்டர் உயரம், தஞ்சாவூரைவிடக் குறைவுதான். ஆனால் இது உள்வாங்கி வளைந்து மேலே போகிறது. வடக்கு வாசல் படிக்குப் பக்கத்தில் சண்டேசருக்குச் சிவன் தலையில் பூச்சூட்டுகிற சிற்பம். குனிந்து உட்கார்ந்திருப்பவரின் கைகூப்பலையும், மாலையைச் சுற்றுகிற கையின் விரல்களையும் பாருங்கள். அவசரமே இல்லாத விரல்கள். இருட்டும்வரை புல்தரையில் குடும்பத்தோடு உட்காரலாம், சத்தம் போட்டு விரட்ட மாட்டார்கள். ஐப்பசிப் பௌர்ணமி அன்னாபிஷேகத்தன்று மட்டும் கூட்டத்தில் மூச்சு விட முடியாது. ஆனால் அத்தனை பெரிய லிங்கத்தை வெள்ளைச் சோறு மூடிக்கொண்டிருப்பதைப் பிள்ளைகள் ஒருதரமாவது பார்க்க வேண்டும். ராஜேந்திரன் வெட்டிய சோழகங்கம் ஏரியும் பக்கத்தில் இருக்கிறது. பொன்னேரி என்றால்தான் ஆட்டோக்காரருக்குத் தெரியும். கங்கை வெற்றிக்கு அவன் நட்ட தூண் கல்லில் இல்லை, தண்ணீரில்.

இந்தப் பயணங்களில் எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அதற்கு முன்னால் எங்கள் தெருவில் பெண்கள் வெளியே போவது என்றால் கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி. இப்போது நடவு முடிந்த ஓய்வில் ஏழெட்டுப் பேராகக் கிளம்பி, பஸ் மாறி மாறி ஏறி, ஒரு நாள் பூரா சுற்றிவிட்டு வருகிறார்கள். பக்கத்து வீட்டு அத்தைக்கு அறுபது வயதுக்கு மேல். "வூட்டுக்காரரு கிட்ட பஸ்ஸுக்குக் காசு கேக்க வாணாம் பாரு, அதுலயே பாதி நிம்மதி" என்றார். எத்தனையோ சுற்றுலாத் திட்டங்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்த திட்டம் இது ஒன்றுதான்.

அந்த அத்தை கூட்டத்தோடு எங்கள் வீட்டுப் பெண்கள் பிச்சாவரம் போனார்கள், நானும் ஒட்டிக்கொண்டேன். சிதம்பரம் போய் அங்கிருந்து கிள்ளை வழியாகப் போக வேண்டும். மோட்டார் படகு வேண்டாம், துடுப்புப் படகு எடுங்கள். மோட்டார் படகு அகலமான வாய்க்காலோடு திரும்பிவிடும்; துடுப்புப் படகுதான் மரக்கிளைகள் கூரை போட்ட சந்துக்குள் நுழையும். உள்ளே போனதும் படகோட்டி எல்லாரையும் தலையைக் குனியச் சொன்னார். சுரபுன்னையின் விழுதுகள் வில் மாதிரி வளைந்து தண்ணீருக்குள் இறங்கி நின்றன. விழுதில் சின்னச் சிவப்பு நண்டுகள், ஆள் நிழல் பட்டதும் பின்பக்கம் போய் ஒளிந்தன. அதுவரை ஓயாமல் பேசிக்கொண்டு வந்த அத்தை பேச்சை நிறுத்திவிட்டுத் தண்ணீரில் கையை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "உப்பும்மா" என்றார். தில்லை மரமும் அங்கே இருக்கிறது. சிதம்பரத்துக்குப் பெயர் கொடுத்த மரம். அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்று படகோட்டியே எச்சரித்தார். 2004 சுனாமியின்போது இந்தக் காடு பின்னால் இருந்த கிராமங்களைக் காத்து நின்றது. எம்.ஜி.ஆர். ரசிகர்கள் வீட்டில் இருந்தால் 'இதயக்கனி' எடுத்த இடம் இதுதான் என்று சொல்லுங்கள், உடனே கிளம்பிவிடுவார்கள். காலை எட்டு, ஒன்பது மணிக்குள் போய்விடுவது நல்லது. அதற்கப்புறம் வெயில் ஏறிவிடும்.

திரும்பும் வழியில் சிதம்பரம். நடராஜர் கோயில் நண்பகலில் நடை சாத்தி மாலையில்தான் திறக்கும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு நேரத்தைப் போடுங்கள். அந்த இடைவெளியில் கத்திரிக்காய் கொத்சு கிடைக்கிற ஒரு ஓட்டலைப் பிடித்து உட்கார்ந்துவிடலாம். மாசியில் சிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி நடக்கிறது, 1981-இலிருந்து. எங்கெங்கிருந்தோ வந்து ஆடுகிறார்கள், நாம் பஸ் ஏறினால் போய்விடலாம்.

அதே மாசியில் ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் மாசிமகத்துக்குக் கிள்ளைக் கடற்கரைக்குப் புறப்படுகிறார். அங்கே முஸ்லிம்கள் அவரை வரவேற்று மரியாதை செய்வது இன்றும் நடக்கிறது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் புத்தகம் தேவையில்லை, நேரில் காட்டினால் போதும். ஸ்ரீமுஷ்ணத்துக்குத் தனியாகவும் ஒரு நாள் போகலாம். புருஷசூக்த மண்டபத் தூண்களுக்காகவே போகலாம்.

வடலூரும் நமக்கு எட்டுகிற தூரம்தான். 1867-இல் வள்ளலார் ஏற்றிய அடுப்பு இன்னும் அணையவில்லை. தைப்பூசக் கூட்டம் தாங்காதென்றால் சாதாரண நாளில் போங்கள், தருமச்சாலையில் சாப்பிட்டுவிட்டு, முடிந்தால் ஒரு பை அரிசி கொடுத்துவிட்டு வாருங்கள்.

சித்திரை, வைகாசியில் ஏரி வற்றும். தண்ணீர் இல்லாத ஏரியைப் பார்க்க எனக்கு முன்பெல்லாம் பிடிக்காது. இப்போது அதுவும் ஒரு பருவம் என்று தோன்றுகிறது. தரையில் புல் முளைத்து ஆடு மாடு மேயும், பையன்கள் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடுவார்கள். எங்கள் சின்ன வயதில் வேறொரு விளையாட்டு இருந்தது. பழைய வீராணம் திட்டத்துக்காகச் செய்து, திட்டம் கைவிடப்பட்டதால் சாலையோரம் வருஷக்கணக்கில் கிடந்த ராட்சதக் குழாய்களை ஞாபகம் இருக்கிறதா? ஒரு முனையில் கத்தினால் மறுமுனையில் வேறு குரலாக வரும். சில இடங்களில் வீடில்லாதவர்கள் அதற்குள் குடித்தனமே நடத்தினார்கள். எங்களுக்கு அது விளையாட்டு, அவர்களுக்கு அது கூரை. அந்த வயதில் அது புரியவில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் சரியில்லை. சுமார் 16 கிலோமீட்டர் நீளக் கரையில் ஒரு பெண் அவசரத்துக்கு ஒதுங்க இடம் கிடையாது. உட்காரச் சிமெண்ட் பெஞ்ச் கிடையாது. காலையில் கரையில் நடந்தால் காலுக்கடியில் உடைந்த பீர் பாட்டில். சென்னைக்குத் தண்ணீர் போவதில் எனக்கு வருத்தமில்லை. தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பது புண்ணியம்தான். ஆனால் ஏரியோடு வாழ்கிறவர்கள் சாயங்காலம் குடும்பத்தோடு வந்து காற்று வாங்க ஒரு இடம் கேட்பது பேராசை இல்லை. படகு சவாரி, இசை நீரூற்று, பெரிய பூங்கா எதுவும் வேண்டாம். கந்தகுமாரனில் ஒன்று, வாழைக்கொல்லையில் ஒன்று, பூதங்குடியில் ஒன்று என்று கழிப்பறை கட்டுங்கள். பாதுகாப்பான படித்துறை, இரண்டு தெருவிளக்கு, நாலு புங்க மரம் போதும். கிராமசபை கூடும்போது இதைக் கோரிக்கையாக எழுதிக் கொடுங்கள். நாங்கள் கொடுத்திருக்கிறோம், ஒரு ஊர் மட்டும் கொடுத்தால் நடக்காது, கரையோரத்து ஊர்கள் எல்லாம் கொடுத்தால் நடக்கும்.

அதுவரை கரைக்கு வருகிறவர்கள் ஒரு பழைய உரச்சாக்கு கொண்டு வாருங்கள். உங்கள் குப்பையைப் போட்டுக் கட்டி, பைக்கில் வைத்துத் திருப்பி எடுத்துப் போய்விடுங்கள்.